பித்தப்பை ஆபரேஷன், அன்றைக்கே வீடு: காரைக்குடி அனுபவம்

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்துகொண்டேன். காலையில் முதல் கேஸ், பொழுது சாய்வதற்குள் கானாடுகாத்தானில் வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் கைராசிக்காரர், அதில் குறையில்லை. ஆனால் அன்றைக்கே தைரியமாக வீட்டுக்கு வர முடிந்தது வார்டு நர்ஸால்தான்.

வாந்தி வருகிறதா, தண்ணீர் தங்குகிறதா, சிறுநீர் போனதா, எழுந்து நடக்க முடிகிறதா, இதெல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டுல பாத்ரூம் எங்கக்கா, பின்கட்டுலயா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பின்கட்டில்தான், வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டையும் கடந்து போக வேண்டும், நடுவில் படி வேறு. அப்படியென்றால் ராத்திரி கூட ஒருத்தர் படுக்கணும் என்று சொல்லி, மயக்கம் முழுசாகத் தெளியாத என்னை விட்டுவிட்டு என் நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாம் விளக்கினார். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கரியமில வாயு கொஞ்சம் உள்ளே தங்கும், அதனால் தோள்பட்டை வலிக்கும், நடந்தால் குறையும். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இதில் எது வந்தாலும் உடனே கிளம்பி வந்துவிடணும், பித்தநீர் கசிவாக இருக்கலாம். சொன்ன மாதிரியே அன்று ராத்திரி வலது தோள்பட்டை பிடித்து இழுத்தது. முன்கூட்டித் தெரிந்திராவிட்டால் நெஞ்சுவலி என்று வீடே பதறியிருக்கும்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்து விசாரித்தார். அப்போது கேட்டேன், இப்படி அனுப்புவது உங்களுக்குச் சம்மதமா என்று. "வீட்டுல நல்லாத் தூங்குவீங்கக்கா, ஆனா எங்க கண்ணுல இருந்து போயிடுறீங்கள்ல. துணைக்கு ஆள் இல்லாதவங்க, உள்கிராமம், மதியத்துக்கு மேல ஆபரேஷன் ஆனவங்கன்னா ஒரு ராத்திரி வெச்சுக்கலாம்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. போகிறவர்கள் முதல் கேஸாகக் கேட்டு வாங்குங்கள், ஒரே நாளில் அனுப்பினால் இன்சூரன்ஸ் பணம் தருமா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால், பில் கவுண்டரில் நெடுநேரம் உட்காரவைத்துவிட்டார்கள், வயிற்றில் தையலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவது பெரிய அவஸ்தை. இன்னொன்று, டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அட்டைக்குப் பின்னால் நர்ஸ் பேனாவால் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் என் நாத்தனார் சமாளித்தார். அந்தத் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க மருத்துவமனைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?