யின்னின் கேஸ் ஸ்டடி நூல்: களத்துக்குப் போகும் முன் படிக்க வேண்டியது

நாலு பேரிடம் பேட்டி எடுத்துத் தொகுத்துவிட்டு, ஆய்வேட்டில் 'கேஸ் ஸ்டடி முறை பின்பற்றப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது, ஒரு நிகழ்வையோ நிறுவனத்தையோ அதன் இயல்பான சூழலிலேயே ஆழமாக ஆராயும் முறை. இந்தப் பழக்கத்தை மாற்ற நினைப்பவர் கையில் முதலில் இருக்க வேண்டிய நூல், ராபர்ட் கே. யின் எழுதிய 'கேஸ் ஸ்டடி ரிசர்ச் அண்ட் அப்ளிகேஷன்ஸ்'. முதல் பதிப்பு 1984இல் வந்தது. இங்கே பார்ப்பது 2018இல் சேஜ் வெளியிட்ட 6ஆம் பதிப்பு.

நூலின் உயிர் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ஆய்வு நெறிக்குறிப்பு, அதாவது களத்தில் எதை, எப்படித் திரட்டுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் திட்டம். கேள்விகளை யின் ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார். முதல் நிலைக் கேள்வி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது. இரண்டாம் நிலைக் கேள்விக்கு ஆய்வாளர்தான் பதில் தேட வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். ஒரு பள்ளியில் புதிய கணிதப் பயிற்றுமுறை ஒரே ஆண்டில் ஏன் கைவிடப்பட்டது என்பது இரண்டாம் நிலை. அதை அப்படியே தலைமையாசிரியரிடம் கேட்டால், அவர் சொல்லும் காரணமே ஆய்வின் முடிவாகிவிடும். பயிற்சி எந்த மாதம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், வாரத்துக்கு எத்தனை பீரியட் ஒதுக்கினீர்கள் என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும். பிறகு வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் புரட்ட வேண்டும். எல்லோரும் வந்தார்கள் என்று அவர் சொல்லி, பதிவேட்டில் பாதிக் கையெழுத்துகளே இருந்தால், ஆய்வு அங்கேதான் சூடுபிடிக்கிறது.

ஆவணம், பழைய பதிவுகள், நேர்காணல், நேரடி நோக்கல், பங்கேற்று நோக்கல், பொருட்சான்று என ஆறு வகைச் சான்றுகளை நூல் விளக்குகிறது. அறிக்கையின் எந்த வரியிலிருந்தும் பின்னோக்கிப் போய் அதன் மூலக் குறிப்பைத் தொட முடிய வேண்டும் என்பதில் யின் கறாராக இருக்கிறார். குறிப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் முதல் நாளே போட்டுவிடுங்கள். கடைசியில் உட்கார்ந்து போட முடியாது.

எத்தனை நேர்வுகள் (கேஸ்கள்) போதும் என்ற கேள்விக்கும் தெளிவு கிடைக்கிறது. ஒரே விளைவை எதிர்பார்த்து 2 அல்லது 3. சூழல் மாறினால் விளைவும் மாறும் என்று முன்கூட்டியே சொல்லிச் சோதிக்க இன்னும் 4 முதல் 6. இது சர்வேக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை போன்றது அல்ல. பத்துப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு 'அறுபது சதவீதப் பள்ளிகளில்' என்று எழுதினால் முறையே உடைந்துபோகும்.

குறைகளும் உண்டு. நடை இறுக்கமானது. நேர்காணல் எழுத்துப்படியைக் கோடிங் செய்ய (பகுதி பகுதியாகப் பிரித்துக் கருத்துக் குறியிட) கற்றுத்தரும் அளவுக்குப் பகுப்பாய்வு அத்தியாயம் விரியவில்லை. அதற்கு வேறு நூல் தேவை. வகுப்பில் கேஸ் வைத்துப் பாடம் நடத்துபவருக்கும் இதில் தீனி குறைவு. பாடத்துக்கான கேஸ், முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் நின்றுவிடும். விவாதத்துக்காக விவரங்களை மாற்றியும் எழுதலாம். ஆய்வில் அந்தச் சுதந்திரம் இல்லை என்று யின் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் நான்கு அத்தியாயங்களை முதல் பேட்டிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.