மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின்: மாரடைப்பு வந்தவர் இருக்கும் வீட்டிலிருந்து

மேல்கையில் பட்டை சுற்றி பட்டனை அமுக்கினால் எண் காட்டுமே, அந்த டிஜிட்டல் பி.பி. மெஷினைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிற நல்ல மெஷின் எதற்கும் நான் சொல்வது பொருந்தும். விலையும் பேட்டரியும் பிறகு. எதற்காக இதை வாங்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்காக என்றுதான் எல்லாரும் வாங்குகிறார்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்கள் தங்கள் ஞாபகத்துக்காகவும் வாங்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் வேலூர் மண்டித் தெருவில் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறார். 47 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதுவரைக்கும் மூட்டை எடை, கழிவு, கமிஷன், கூலி எல்லாவற்றையும் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பேனாவை எடுப்பார். திரும்ப வேலைக்குப் போனபோது நடை பழையபடி ஆகிவிட்டது, மூச்சு வாங்குவதும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் கணக்கு தடுமாற ஆரம்பித்தது. மூன்றாவது மூட்டையைக் கூட்டும்போது முதல் மூட்டையின் எடை மறந்துபோகும். வருஷக்கணக்காக வந்து போகிற பார்ட்டியின் பெயர் வாயில் வராது. பக்கத்துக் கடைக்காரர் பார்க்காதபோது கால்குலேட்டரை எடுப்பார். வயசாகிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். ஐம்பது கூட முடியவில்லை, அதற்குள் என்ன வயசு?

இருதய டாக்டரிடம் சொன்னேன். அவர் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிடவில்லை. ரத்தத்தில் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்க்கச் சொன்னார். தூக்கம் எப்படி, மனசு சோர்ந்து இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடமே கேட்டார். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு நிறைய பேருக்கு வருமாம், அதுவே ஞாபகத்தை மந்தமாக்குமாம். கடைசியில், "வீட்டிலேயே பி.பி. பார்த்து எழுதிக்கிட்டு வாங்கம்மா, தலைக்கும் அதுதான் முக்கியம்" என்றார்.

தலைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நர்சிங் படிக்கிற என் மகள்தான் உட்கார வைத்துச் சொன்னாள். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. பி.பி.யும் கொழுப்பும் சர்க்கரையும் நெஞ்சின் பெரிய குழாயை மட்டும் கெடுப்பதில்லை, மூளைக்குள் மயிரிழை போல ஓடுகிற சின்னக் குழாய்களையும் கெடுக்கின்றன. ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடை வாய்க்கால் தூர்ந்துபோனால் பயிர் வாடுகிற மாதிரி. ஸ்டென்ட் பெரிய குழாயைத் திறந்துவிட்டது, சின்னக் குழாய்களின் சங்கதி வேறு.

அமெரிக்காவில் நான்கு ஊர்களில் 1985-86-ல் 18 முதல் 30 வயதுக்காரர்களைச் சேர்த்து ஆரம்பித்த கார்டியா என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது. 2023-ல் அதிலிருந்து ஒரு முடிவு வெளியானது. 3,146 பேரில் 147 பேருக்கு 60 வயதுக்கு முன்பே இருதய நோயோ ரத்தக்குழாய் நோயோ வந்திருந்தது. வந்தபோது சராசரி வயது 48. எல்லாரையும் சராசரியாக 55 வயதில் சோதித்தார்கள். சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, நோய் வராதவர்கள் 15-க்கு 8.5 வாங்கினார்கள், வந்தவர்கள் 6.4. ஐந்து வருஷத்தில் யோசிக்கும் திறன் வேகமாகக் குறைந்தவர்கள் நோய் வந்தவர்களில் 13 சதவீதம், வராதவர்களில் 5 சதவீதம். இருதய நோய்தான் நேரடிக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்றுதான் சொல்லலாம் என்றாள் மகள். எனக்கு அதுவே போதும். மண்டியில் நடந்ததற்கு ஒரு விளக்கம் கிடைத்தது, அவர் சோம்பேறி ஆகிவிடவில்லை.

மருந்தால் பி.பி.யைக் குறைத்தால் பலன் உண்டா என்று கேட்டேன். 2019-ல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வைச் சொன்னாள். 50 வயதைத் தாண்டிய, பி.பி. உள்ள, சர்க்கரை இல்லாத 9,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, பி.பி.யில் முதலில் சொல்கிற பெரிய எண்ணை ஒரு பாதிப் பேருக்கு 120-க்குக் கீழும் மற்ற பாதிப் பேருக்கு 140-க்குக் கீழும் வைக்கப் பார்த்தார்கள். 120 குழுவில் லேசான ஞாபகக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோய் குறைந்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. யாருக்கு எந்த எண் சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் நாமே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். முதலில் போன கடையில் மணிக்கட்டில் கட்டுகிற சின்னதைத்தான் எடுத்து வைத்தார்கள். "இதுதான் அக்கா ஈஸி, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று மறுபடி மறுபடி சொன்னார் அந்தப் பையன். அதை வாங்காதீர்கள். மணிக்கட்டு நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலும் எண் மாறிவிடும். மேல்கையில் கட்டுவதுதான் நம்பகம்.

அடுத்த கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டினார்கள். நான் தையற்காரி, கைப்பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும். வீட்டுக்காரரின் மேல்கைச் சுற்றளவு பதினாலு இன்ச், அதாவது 35 சென்டிமீட்டருக்கு மேல். பெட்டியிலிருந்த பட்டையில் 22-32 என்று அச்சடித்திருந்தது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பி.பி. இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆவது? 42 வரை வருகிற பெரிய பட்டையைக் கேட்டு வாங்கினோம், கொஞ்சம் கூடுதல் விலை. இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கடையில் யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பார்க்கிற முறை இது. காபி, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். சட்டைக்கு மேலே சுற்றக் கூடாது. கை நெஞ்சு மட்டத்துக்கு மேஜை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. எங்கள் வீட்டில் கஷ்டமே இதுதான், பட்டை இறுகும்போதுதான் அவருக்கு மண்டிச் சங்கதி எல்லாம் ஞாபகம் வரும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுத வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னால், அப்புறம் சாயங்காலம். வீட்டில் 135/85 என்பது ஆஸ்பத்திரியின் 140/90-க்குச் சமம்.

எங்கள் நோட்டு உதவியது வெயில் காலத்தில். வேலூர் வெயில் எப்படி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்ததும் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன, எழுந்து நின்றால் தலை சுற்றியது. நோட்டைப் பார்த்ததும் டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். ஆஸ்பத்திரியில் எப்போதாவது ஒருநாள் எடுக்கிற எண்ணில் இது தெரிந்திருக்காது.

குறை என்றால், கரண்ட் அடாப்டர் தனியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு பேர் பார்த்தால் மெஷினில் பதிவுகள் கலந்துவிடும், அதனால் நோட்டுதான் நல்லது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த வகை மெஷின் சரியாகக் காட்டாமல் போகலாம், அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரரின் கணக்கு பழைய வேகத்துக்கு வந்துவிடவில்லை. கால்குலேட்டரை இப்போது வெளிப்படையாகவே மேஜை மேல் வைத்திருக்கிறார். தடுமாற்றம் அதற்கு மேல் கூடவில்லை. பி.பி., நடை, ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தது, இதில் எது உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வாங்குகிறவர்கள் கைச் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மெஷினையும் எடுத்துப்போய், அங்கே பார்க்கும் எண்ணோடு ஒத்துவருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.