கூடத்தில் அசாந்தே அரசவை: சில ஆண்டுகள் கூடவே வாழ்ந்த அனுபவம்

கானாவின் தலைநகர் அக்ராவில் வேலை பார்க்கும் எனக்கு, கூடத்தில் மாட்ட இந்த மண்ணோடு தொடர்புள்ள படம் ஒன்று வேண்டும் என்று ஆசை. தேர்ந்தெடுத்தது தாமஸ் எட்வர்ட் பௌடிச் என்ற ஆங்கிலேயர் வரைந்த, இன்றைய கானாவில் இருந்த அசாந்தே பேரரசின் அரசவைக் காட்சி. பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு 1817-இல் அசாந்தே தலைநகர் குமாசிக்குப் போனவர் அவர். கிழங்கு அறுவடைத் திருவிழாவின் முதல் நாளை வரைந்து, 1819-இல் லண்டனில் வந்த தன் பயண நூலில் மடிப்புப் படமாகச் சேர்த்தார். அரசர் ஒசெய் போன்சு, அவரைச் சுற்றித் தலைவர்கள், முரசுகள், துப்பாக்கி வீரர்கள், எங்கு பார்த்தாலும் குடைகள்.

அந்தக் குடைகளுக்காகவே இதை வாங்கலாம். முப்பது பேர் நிழலுக்கு ஒதுங்கக்கூடிய குடைகள் குறைந்தது நூறு இருக்கும் என்று பௌடிச்சே எழுதியிருக்கிறார். உச்சியில் பிறை, யானை, பறவை, வாள் என்று பொன் உருவங்கள். வெண்கொற்றக்குடையைப் பாட்டில் படித்து வளர்ந்த நமக்கு, குடை என்றால் அரசு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குமாசியில் அசாந்தே அரசரின் மன்ஹியா அரண்மனையில் 42 நாளுக்கு ஒருமுறை நடக்கும் அக்வாசிடே விழாவுக்குப் போனால், குடை பிடிப்பவர்கள் இன்றும் அவற்றை மேலும் கீழுமாகக் குலுக்கி ஆடவைப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் சுவரில் இருந்த படமே அசைவது போலத் தோன்றியது.

படம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று சொல்கிறேன். பருத்தி இழைத் தாளில், நிறமி மையில் அச்சிட்டு வாங்கினேன். இதுவரை நிறம் வெளுக்கவில்லை. நேர் வெயில் படாத சுவர் என்பதும் ஒரு காரணம். இங்கே இரண்டு எதிரிகள்: ஆண்டின் பெரும்பகுதி கடற்கரை ஈரம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் காற்றின் தூசி. ஃபிரேமின் பின்பக்கத்தை நாடா ஒட்டி அடைத்து, சுவரில் ஒட்டாமல் இருக்க மூலைகளில் ரப்பர் குமிழ் வைத்தேன். பூஞ்சை வரவில்லை. பிரதிபலிக்காத கண்ணாடிக்குச் செலவு கூடும்; சின்னச் சின்ன உருவங்கள் நிறைந்த இந்தப் படத்துக்கு அது கட்டாயம் வேண்டும். சாதாரணக் கண்ணாடி போட்டால் ஜன்னல்தான் தெரியும், அரசர் தெரியமாட்டார்.

மூலப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரு பிரதியின் நிறம் இன்னொன்றில் இருக்காது. விற்பவர் எந்தப் பிரதியை ஸ்கேன் செய்தார் என்று கேளுங்கள். மடிப்புக் கோடுகளைக் கணினியில் அழித்துத் தருகிறவர்கள் உண்டு. நான் கோடுகளோடுதான் வாங்கினேன். புத்தகத்துக்குள் மடிந்து கிடந்தது என்பதும் அதன் வரலாறுதானே.

இனி முக்கியமான விஷயம். இது ஒரு தூதுக்குழுவின் கண். வணிகத்துக்கும் உடன்படிக்கைக்கும் வந்தவர்கள், தாங்கள் கண்டு வியந்ததையும் அஞ்சியதையும் வரைந்தார்கள். அதே குமாசியை 1874-இல் பிரிட்டிஷ் படை எரித்தது, அரண்மனைப் பொன்னை அள்ளிக்கொண்டு போனது. அதில் ஒரு பகுதி 2024-இல்தான் மன்ஹியா அருங்காட்சியகத்துக்கு வந்தது, அதுவும் பெரும்பாலும் கடனாக. இதை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் படத்தின் கீழே வைத்திருக்கிறேன். அட்டை வந்த பிறகுதான் விருந்தினர்கள் "அழகா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். குமாசியிலிருந்து வந்த நண்பரின் அம்மா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "எங்கள் ஆட்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தொட்டுக் காட்டினார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

பக்கத்துச் சுவரில், இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தின் அரசரான ஓபாவின் ஊர்வலம் இருக்கிறது. 1668-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓல்ஃபெர்ட் டாப்பர் வெளியிட்ட நூலில் வந்த செதுக்கோவியம். சிறுத்தைகளும் இசைக்காரர்களுமாக அற்புதமான படம். ஆனால் டாப்பர் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை. பிறர் குறிப்புகளை வைத்துத் தொகுத்தவர். அப்படியிருந்தும் அரண்மனைக் கோபுர உச்சியில் இருக்கும் பறவை பொய்யல்ல, பெனின் கலைஞர்களே வார்த்த பித்தளைப் படைப்புகளிலும் அது இருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட ஒரு பித்தளைத் தகட்டின் புகைப்படத்தையும் அருகிலேயே மாட்டினேன். பார்க்காதவர் வரைந்ததும் அங்கே வாழ்ந்தவர் வடித்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி.

மேற்கு ஆப்பிரிக்காவின் இன்னொரு பழைய அரசான தஹோமியைப் பற்றி, நரபலிக் காட்சிகள் கொண்ட படங்களும் விற்கிறார்கள். அவற்றை நான் வீட்டுக்குள் விடவில்லை. ஒரு சமூகத்தையே அந்த ஒரு காட்சியாகச் சுருக்கிக் காட்டுகிற படம் தினமும் குழந்தைகள் கண்ணில் பட வேண்டாம்.

பௌடிச் படம் வாங்க நினைப்பவர்கள் சுவரை முதலில் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைவிட அகலம் பல மடங்கு, கடையில் கிடைக்கும் ஆயத்த ஃபிரேம் எதுவும் பொருந்தாது. அகலத்தை மிகவும் குறைத்து அச்சிட்டால் குடைகள் தெரியும், முகங்கள் தெரியாது.