ஆள்காட்டி விரல்: மிட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர், அவர் ஒரு கையில் போடும் தடித்த தோல் கையுறைதான் மிட். அதை வெளியிலிருந்து பார்த்தால் விரல்களே தெரியாது, தடித்த தோசைக்கல் மாதிரி ஒரே வட்டம்தான், ஆனால் உள்ளே விரல்களுக்குத் தனித்தனி இடம் உண்டு. குழப்பமெல்லாம் ஆள்காட்டி விரலில்தான்.

உள்ளே வைத்தால் பிடி நன்றாக இருக்கும். மிட்டைத் திருப்புவது, சட்டென்று மூடுவது, ஓரமாக வரும் பந்தை மெல்ல உள்ளே இழுப்பது எல்லாம் சுலபம். ஆனால் அடி? சுமார் 145 கிராம் பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வலைப்பகுதிக்குப் போகாமல் கொஞ்சம் கீழே, சரியாக ஆள்காட்டி விரலின் அடிமுட்டியில் விழுந்தால் விரல் விண்விண்ணென்று தெறிக்கும். விக்கெட் கீப்பராவது இரண்டு கையால் அடியைப் பகிர்ந்துகொள்வார், இவருக்கு ஒரே கைதான்.

வெளியே, அதாவது பின்பக்க ஓட்டை வழியாக விரலை எடுத்து மிட்டின் முதுகில் வைத்தால், விரலுக்கும் பந்துக்கும் நடுவே இன்னொரு அடுக்கு தோலும் பஞ்சும் வந்துவிடும். வலி நன்றாகவே குறையும். பதிலுக்கு மிட்டை மூடும் பலம் கொஞ்சம் போகும், அதுவும் புது மிட் விறைப்பாக இருக்கும்போது ரொம்பவே தெரியும். வெளியே நிற்கும் விரலில் அடி படாமலிருக்கச் சில மிட்டுகளில் சின்னத் தோல் மூடியும் இருக்கும்.

என்னைக் கேட்டால், வேகப்பந்தை நாள் முழுக்கப் பிடிப்பவர் வெளியே வைக்கட்டும். புது மிட்டைப் பழக்கும் வரை, அல்லது சின்னக் கை என்றால், உள்ளேதான் சரி.