தொடு உணரிச் சுற்றுகளில் சாதாரண புரோப்: சில வருடப் பாவனைக்குப் பின்

மட்டக்களப்பு கல்லடியில் நான் நடத்தும் இலத்திரனியல் திருத்தகத்தில், அலைவுகாட்டியை (ஒசிலோஸ்கோப்பை) சுற்றோடு இணைக்கும், 1 எக்ஸ் (சமிக்ஞை அப்படியே), 10 எக்ஸ் (பத்தில் ஒன்றாக) என மாற்றக்கூடிய சாதாரண புரோப்தான் பல வருடங்களாகப் பாவனையில் இருக்கிறது. மின்வழங்கி, ஒலிபெருக்கி வேலைகளில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. தொடு ஆளிகளும் தொடு விளக்குகளும் திருத்த வரத் தொடங்கிய பிறகே அதன் எல்லை தெரியவந்தது.

விரல் பட்டவுடன், அதை உணரும் உலோகப் பட்டையில் கூடும் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தாங்கும் அளவு) சில பிகோபரட் மட்டுமே. புரோப்பின் முனையோ 10 எக்ஸ் நிலையிலும் 10 முதல் 15 பிகோபரட் வரை சேர்க்கிறது. டிடிபி 223 என்ற தொடுகை உணரும் சிப் உள்ள பலகையில் இதைக் கண்ணால் காணலாம். மின் கொடுத்த பின் முனையைப் பட்டையில் வைத்தால், யாரும் தொடாமலே பெரும்பாலும் விளக்கு எரியும். முனையை வைத்துவிட்டு மின் கொடுத்தால், சிப் அந்தச் சுமையையும் சேர்த்தே தன்னை அளவுதிருத்திக்கொண்டு பேசாமல் இருக்கும், ஆனால் உணர்திறன் குறைந்துவிடும்.

1 மெகா ஓம் தடையினூடாகப் பட்டையை மின்னேற்றி நேரத்தை எண்ணும் ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை) சுற்றுகளில் கணக்கே போட்டுப் பார்க்கலாம். பட்டைக்கு 20, விரலுக்கு 5 பிகோபரட் என்றால் தொடுகையின் மாற்றம் 25 சதவீதம்; 15 பிகோபரட் புரோப் சேர்ந்ததும் அது 14 சதவீதமாகச் சுருங்குகிறது. 1 எக்ஸ் நிலை இதைவிட மோசமானது: அலைவுகாட்டியின் 1 மெகா ஓம் பெய்ப்புத் தடை 5 வோல்ற்றை 2.5 ஆகப் பிரித்துவிடுவதால், ஆர்டுயினோவின் அட்மெகா 328 சிப் உயர்நிலை என உறுதியாக ஏற்கும் 3 வோல்ற்றைப் பட்டை எட்டுவதே இல்லை. என் புரோப்பின் ஆளியை 10 எக்ஸில் நிறுத்தி டேப் சுற்றியிருப்பது இதற்காகத்தான்.

என் அனுபவத்தில் இதைவிட அதிகம் குழப்புவது புவித்தொடுப்பு. பற்றரியில் இயங்கும் விளக்கின் பொதுக்கம்பியில் அலைவுகாட்டியின் புவியோடு இணைந்த கிளிப்பை மாட்டியதும், அதுவரை மிதந்துகொண்டிருந்த சுற்று புவியோடு இணைந்து, உடலினூடான மீள்பாதை வலுப்பெறுகிறது. மேசையில் சொன்னபடி கேட்ட விளக்கு, காத்தான்குடியில் உரியவர் வீட்டுக்குப் போனதும் மந்தமாவது இதனால்தான். கொள்ளளவியால் 230 வோல்ற்றைக் குறைத்து இயங்கும் சுவர் ஆளிகளிலோ, தனிமைப்படுத்தும் நிலைமாற்றி இல்லாமல் அந்தக் கிளிப்பை மாட்டவே கூடாது. மாரிகாலத்தில் வாவிக்காற்றின் ஈரமும் பட்டையில் படிந்து அடிப்படை அளவை நகர்த்திவிடும்.

ஏறத்தாழ 1 பிகோபரட் மட்டுமே சுமத்தும் செயற்படு புரோப்கள் (முனையிலேயே மின்பெருக்கி உள்ளவை) இருக்கின்றன. எங்கள் அளவிலான கடைக்கு அந்த விலை கட்டாது. ஆகவே பட்டையைத் தொடாமல் சிப்பின் பயப்பைப் பார்க்கிறேன். நிரல் என் கையில் இருந்தால், எண்ணிய பெறுமானத்தைத் தொடர் இணைப்பு (சீரியல்) வழியாகக் கணினிக்கு அனுப்பச் செய்கிறேன். அலை வடிவம் பார்த்தே ஆகவேண்டும் என்றால், முனைக்கும் பட்டைக்கும் இடையில் 1 பிகோபரட் கொள்ளளவி ஒன்றைத் தொடராக இணைக்கிறேன். அலையின் உயரம் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறையும் என்றாலும், எழும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது போதும்.