மதுரையில் சித்தப்பாவுக்கு ரேடியேஷன்: ஸ்கேனுக்கும் முதல் நாளுக்கும் நடுவில் நடப்பது

நுரையீரல் கட்டிக்கு ரேடியேஷன் எடுக்கப் போகிறவரின் வீட்டார் முதலில் மனதில் வைக்க வேண்டியது, ஸ்கேன் எடுத்த அன்றே கரண்ட் வைக்க மாட்டார்கள் என்பதைத்தான். நடுவில் ஒரு வாரம் போகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். எங்கள் குடும்பம் தவித்துப்போனது அந்த நாட்களில்தான். துபாயில் இருக்கும் மாமா தினமும் போன் போட்டு, "கட்டிய உள்ள வச்சுக்கிட்டு என்னப்பா இன்னும் கம்ப்யூட்டர்ல படம் பாத்துக்கிட்டிருக்காங்க?" என்று சத்தம் போட்டார். சிட்னியிலிருந்து வந்து நான் கூடவே இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. அதை மற்றவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கட்டி, மூன்றாம் நிலை, ஆபரேஷனுக்கு வழியில்லை. கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று முடிவானது. ஒரு காலத்தில் இதற்கு அடையாறுக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று மதுரையிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை ஏற்றுக்கொள்ளும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அனுமதி வாங்கும் வேலையை அங்கிருந்த காப்பீட்டு கவுண்டர் பெண் பொறுமையாகச் செய்து கொடுத்தார்.

முதல் வேலை பிளானிங் ஸ்கேன். நோய் கண்டுபிடிக்க எடுத்த ஸ்கேன் இதற்கு உதவாது. ரேடியேஷன் வைக்கும்போது எப்படிப் படுப்பாரோ அப்படியே படுக்க வைத்து எடுக்க வேண்டும். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு பலகை உண்டு. முதுகுக்கடியில் ஒரு பையை வைத்துக் காற்றை உறிஞ்சினார்கள். அது அவர் உடம்பின் அச்சாகவே இறுகி நின்றது. நெஞ்சில் மையால் கோடு போட்டு, நடுவில் சிறிய புள்ளிகளைப் பச்சை குத்தினார்கள். சித்தி, "வேர்வையில அழிஞ்சிருமே தம்பி" என்று டெக்னீசியனிடம் கேட்டார். கோடு அழிந்தாலும் புள்ளி போகாது, ஆனாலும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் சித்தி கேட்டது நியாயமான கேள்வி.

நுரையீரலில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மூச்சு விட விடக் கட்டியும் நகரும். மேல்பகுதியில் நகர்வு கம்மி. சித்தப்பாவுக்கு இருப்பதுபோல, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குப் பக்கத்தில் கீழே இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கலாம். அதனால் வயிற்றில் ஒரு கருவியை வைத்து, மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துகொண்டே ஸ்கேன் எடுக்கிறார்கள். இதற்கு 4டி சிடி என்று பெயர். ஒரு முழு மூச்சை வழக்கமாகப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கட்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அது போய்வரும் இடம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் டாக்டர் வரைகிறார். தினமும் படுக்கும்போது வரும் சின்ன வித்தியாசத்துக்காகச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் கூட்டிக்கொள்கிறார்கள். அந்த விளிம்பு குறைந்தால் கட்டியின் ஓரம் தப்பிவிடும், கூடினால் நல்ல நுரையீரல் வீணாக வேகும். அப்புறம் இதயம், உணவுக்குழாய், தண்டுவடம் என்று ஒவ்வொன்றையும் படத்துக்குப் படம் வரைய வேண்டும். மாமா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பதிலைச் சொன்னவர் அங்கிருந்த மெடிக்கல் பிசிசிஸ்ட், அதாவது கதிரின் கணக்கையும் மெஷினின் அளவையும் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர். அரைமணி நேரம் உட்கார்ந்து திரையைக் காட்டி விளக்கினார். அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். நம் உடம்புச் சதையின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருக்குச் சமம். நுரையீரலோ காற்று நிறைந்த பஞ்சு மாதிரி, அடர்த்தி அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். எக்ஸ்ரே கதிர் உள்ளே போய் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது, டோஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த எலக்ட்ரான்கள்தான். அடர்த்தி குறைந்த இடத்தில் அவை பக்கவாட்டில் வெகுதூரம் சிதறி ஓடிவிடும். கணினியில் டோஸைக் கணக்கிடும் பழைய முறைகள் இந்தச் சிதறலைச் சரியாகப் பிடிக்காது. அதனால் கட்டிக்கு முழு டோஸும் போகிறது என்று திரை காட்டும், உண்மையில் கட்டியின் ஓரத்தில் குறைவாகத்தான் விழுந்திருக்கும். இன்று சூப்பர்பொசிஷன், மான்டே கார்லோ போன்ற முறைகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நுரையீரலுக்குப் பெரும்பாலும் 6 மெகாவோல்ட் கதிரையே தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் காரணம். அதைவிட வீரியம் கூடிய கதிரில் எலக்ட்ரான்கள் இன்னும் தள்ளிப் போய்விடும்.

"பவரக் கொஞ்சம் கூட்டி வச்சா சீக்கிரம் கரையாதா சார்?" என்று தம்பி கேட்டான். மூன்றாம் நிலைக்கு வழக்கமான அளவு 60 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு கிரே). தினம் 2 கிரே வீதம் 30 முறை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆக ஆறு வாரம். 60 கிரேயா 74 கிரேயா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் டோஸ் வாங்கியவர்கள்தான் குறைந்த காலம் வாழ்ந்திருந்தார்கள். இதயத்துக்குப் போன டோஸும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஆரம்ப நிலையில் இருக்கும் சிறிய கட்டி என்றால் கணக்கே வேறு. அங்கே மூன்று முதல் ஐந்தே தடவையில், ஒவ்வொரு முறையும் மிகப் பெரிய டோஸாகக் கொடுத்து முடிப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஐந்து முறைதானே, நமக்கு ஏன் முப்பது என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் என்ற பிளான் கணினியில் முடிந்ததும் டாக்டரும் பிசிசிஸ்டும் சேர்ந்து பார்க்கிறார்கள். 20 கிரேயோ அதற்கு மேலோ வாங்கும் நல்ல நுரையீரல் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சில வாரமோ மாதமோ கழித்து இருமலும் மூச்சுத்திணறலுமாக நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. தண்டுவடத்துக்கு 45, 50 கிரே என்று கடுமையான எல்லை உண்டு. எல்லாம் சரி என்று கையெழுத்தான பிறகும் ஆளைப் படுக்க வைப்பதில்லை. கதிரை அளக்கும் டிடெக்டர் பதித்த ஒரு கருவியை மெஷினில் வைத்து, அதே பிளானை ஒருமுறை ஓட்டி, கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். பேஷன்ட் கூட்டம் முடிந்த பிறகு சாயங்காலத்தில் நடக்கும் வேலை இது. யாரும் பார்ப்பதில்லை, பில்லிலும் தனியாக வராது. என்னைக் கேட்டால் மொத்த சிகிச்சையிலும் மதிப்பு மிகுந்த நேரம் அதுதான்.

குறை என்றால், இதையெல்லாம் யாரும் தாமாகச் சொல்வதில்லை. "பிளானிங் நடக்குது, போன் பண்ணுவோம்" என்ற ஒரே வரியோடு கிராமத்து மனிதரை வீட்டுக்கு அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? அந்தக் காத்திருப்பில் பயந்து, சிகிச்சையை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போனவர்களைப் பற்றி அந்த வராந்தாவிலேயே கேள்விப்பட்டேன். ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னொன்று பெட் (PET) ஸ்கேன், கட்டி இருக்கும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன் அது. முதலில் எடுத்த ஒரு ஸ்கேன் சென்டரில் பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் கொடுத்தார்கள். படம் பதிந்த சிடி தட்டைக் (CD) கேட்டால் இழுத்தடித்தார்கள். சித்தப்பாவுக்குக் கட்டி மூச்சுக்குழலை அடைத்ததில் நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிக் கிடந்தது. சாதாரண சிடி (CT) ஸ்கேனில் எது கட்டி, எது சுருங்கிய நுரையீரல் என்று பிரிப்பது கடினம். பெட் படத்தைப் பிளானிங் ஸ்கேன்மேல் பொருத்தினால்தான் கோடு தெளிவாகும், அதற்கு மூலப் பதிவு வேண்டும். தம்பி இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்தான். பெட் ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே, அன்றைக்கே, சிடி தட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எப்ப ஆரம்பிப்பாங்க" என்று அவசரப்படுத்துவதற்குப் பதில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. மூச்சு அசைவைப் பதிவு செய்து ஸ்கேன் எடுத்தார்களா? டோஸ் கணக்கு எந்த முறையில்? நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு போகிறது? பேஷன்டுக்கு முன்னால் மெஷினில் ஓட்டிப் பார்த்தார்களா? மரியாதையாகக் கேட்டால் சொல்கிறார்கள். இந்தியாவில் ரேடியேஷன் கொடுக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், தகுதி பெற்ற பிசிசிஸ்டும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறார், அவரைப் பார்க்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆரம்பித்த பிறகு இடையில் நாள் விடக் கூடாது, விட்டால் பலன் குறையும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள் என்பதால் அன்றைய முறையை அந்த வாரச் சனிக்கிழமைக்கு முன்கூட்டியே மாற்றிக் கொடுத்தார்கள். வாடிப்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவதுதான் சித்தப்பாவுக்குப் பெரிய அலுப்பு. நான்காம் வாரத்தில் சோறு விழுங்கும்போது நெஞ்சு எரிந்தது, உணவுக்குழாயில் பட்டதன் விளைவு அது. இப்போது மோரும் கூழுமாகச் சமாளிக்கிறார். மெஷினிலேயே எடுக்கும் படத்தில் கட்டி சுருங்கி, மடங்கிக் கிடந்த நுரையீரல் விரியத் தொடங்கியிருப்பது தெரிந்ததாம். உள்ளே இடம் மாறியிருப்பதால் மீதி நாட்களுக்குப் புதிதாக ஸ்கேன் எடுத்து, பிளானையும் மறுபடி போடுகிறார்கள் என்று தம்பி நேற்று சொன்னான். இந்த முறை மாமாவுக்கு அவனே போன் செய்து விளக்கிவிட்டான்.