பவ்லொவ் ஷக்கா, பொப்பியூலேஷன் வன்னா? வன்னியில் சேர்வர்தான் முதற்கேள்வி

கிளிநொச்சிப் பக்கம் வீஆர் ஹெட்செற் (தலையில் மாட்டினால் கேமுக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டுகிற கருவி) வைத்திருக்கிற பெடியள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ லீவில் வந்த சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த, மெட்டா கம்பனியின் குவெஸ்ட் 2 தான் கூட. ஒன்றிரண்டு வீட்டில் குவெஸ்ட் 3. பெட்டியைப் பிரித்த கையோடு எல்லாரும் கேட்பது, அணியாகச் சேர்ந்து சண்டை பிடிக்க எந்த கேம் நல்லது என்றுதான். நான் பொப்பியூலேஷன் வன்னில் தொடங்கி, ஒன்வேட்டையும் பிரீச்சர்ஸையும் பார்த்து, இப்போது பவ்லொவ் ஷக்கோடு நிற்கிறேன். நாலும் துவக்குச் சண்டை கேம். ஆகவே இந்த ஒப்பீடு பவ்லொவ் பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வுக்குக் காரணம் சேர்வர், அதாவது விளையாடுகிற எல்லாரையும் இணைக்கிற நடுக் கணினி. வன்னியில் இருந்து விளையாடுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறொன்றும் இல்லை என்பது என் முடிவு.

மற்றதுகளைக் கெதியில் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் எப்படி, எத்தனை துவக்கு, என்னென்ன வரைபடம் என்பதெல்லாம் யூடியூப்பில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விலையில்தான் வித்தியாசம் உண்டு. பொப்பியூலேஷன் வன் 2020 ஒக்டோபரில் காசுக்கு வந்து, 2023 மார்ச்சில் இருந்து இலவசம். பவ்லொவ் ஷக் நேர்மாறு: பீட்டாவாக (சோதனைப் பதிப்பாக) இருந்த காலத்தில் இலவசம், 2023 நவம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது 20 டொலர். இலவசமாகப் பழகின ஆக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் காசுக்கு ஆறாயிரம் ரூபாய் அளவில் வரும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி திறந்துவிட்ட அட்டையும் வேண்டும். காசை மட்டும் பார்த்தால் பொப்பியூலேஷன் வன்தான் என்று இந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

அதை நான் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். மூன்று பேர் ஓர் அணி. பல அணிகள் ஒரே நிலத்தில் இறங்கி, கடைசியில் மிஞ்சுகிற அணி வெல்லும். எந்தச் சுவரிலும் கைபோட்டு ஏறலாம். உச்சியில் நின்று கைகளை விரித்துக் குதித்தால் மிதந்து போகலாம். காயம் பட்டால் வாழைப்பழத்தை உரித்து வாயருகே கொண்டுபோக வேண்டும். விழுந்த தோழனை எழுப்ப, நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற டிபிபிரிலேட்டரின் இரண்டு பிடிகளையும் உரசி அவன்மேல் வைக்க வேண்டும். புதிதாக ஹெட்செற் போடுகிறவரை இவ்வளவு சுறுக்காகச் சிரிக்க வைக்கிற சண்டைக் கேம் வேறில்லை. 2022 டிசம்பரில் சாண்ட்பொக்ஸ் என்ற பகுதி வந்தபிறகு ஆக்கள் தாங்களே வரைபடம் கட்டியும் விளையாடுகிறார்கள். இலவசமானதோடு கூட்டம் கூடியது, மைக்கில் கத்துகிற சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து கூடினார்கள் என்று பழைய ஆட்டக்காரர் பலர் சொல்வது உண்மைதான். மியூட் பண்ணலாம். ஆனால் மூன்று பேர் அணியில் இரண்டு பேரை மியூட் பண்ணினால் அணி என்று என்ன மிஞ்சும்?

ஏறுவதற்குக் கையை மேலே மேலே வீசவேண்டும் என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுத்திட்டத்தில் கட்டின 550 சதுர அடி வீடுகளில் ஹோலின் நடுவில் சீலிங் ஃபேன் தொங்கும். மெட்டா கேட்கிற 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடம் கதிரைகளை ஒதுக்கினால் கிடைக்கும். ஆனால் ஹெட்செற் கீறுகிற எல்லைக்கோடு சுற்றிவர உள்ள சுவர்களுக்குத்தான். தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. ஃபேனை நிற்பாட்டினால் சித்திரை வெக்கையில் லென்ஸ் வியர்த்துப் புகைந்துவிடும். ஒரு பெடஸ்ரல் ஃபேனை மூலையில் வையுங்கள்.

ஒன்வேட் வேறு குணம். 2016இல் கணினியில் தொடங்கி, 2020 ஜூலையில் குவெஸ்டுக்கு வந்தது. ஐந்துக்கு ஐந்து, ஆறுதலாக ஊர்ந்து போகிற சண்டை. கிட்ட நிற்கிற தோழனோடு சும்மா கதைத்தால் பக்கத்தில் பதுங்கியிருக்கிற எதிராளிக்கும் கேட்கும். தூரத்தில் நிற்கிறவனோடு கதைக்க உடம்பில் மாட்டியிருக்கிற ரேடியோவை அழுத்த வேண்டும். அணியாக யோசிக்கப் பழக்குவதில் இதற்கு நிகரில்லை. குவெஸ்டுக்குக் கொண்டுவருவதற்காகக் கணினிப் பதிப்பின் காட்சித் தரத்தையும் குறைத்துவிட்டார்கள் என்று 2020இல் பழைய ஆட்டக்காரர் கொதித்தார்கள். அந்தக் கோபம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பிரீச்சர்ஸ் 2023 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ட்ரையங்கிள் பக்ரறி வெளியிட்டது. இதுவும் ஐந்துக்கு ஐந்து: ஒரு பக்கம் குண்டு வைக்கும், மற்றப் பக்கம் கயிற்றில் இறங்கி யன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே பாயும். இதில் என் அனுபவம் குறைவு. பிடித்திருந்தது, அதற்குமேல் தீர்ப்புச் சொல்லுமளவுக்கு நான் விளையாடவில்லை.

இனி சேர்வர்.

சேர்வர் எவ்வளவு தூரமோ அவ்வளவு பிந்தும். இன்ரநெற் போகிற பைபர் கேபிளுக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் போய்வர 1 மில்லிசெக்கன். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. போய்வர 27 மில்லிசெக்கனுக்குக் கீழே எந்தக் கம்பனியாலும் இறக்க முடியாது. ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர், 80 மில்லிசெக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ இடத்தில் கைமாறுகிறது, ஆகவே உண்மையில் இன்னும் கூடும். இதற்குமேல் எங்களுக்கென்று ஒரு சுற்றும் இருக்கிறது. தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி 30 கிலோமீற்றர் வராது; ஆனால் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம். எங்கள் டேட்டா நாட்டின் நீளம் முழுக்கத் தெற்கே இறங்கித்தான் கடலைப் பார்க்கும்.

டவுனுக்குள் பைபர் இருக்கிறவருக்கு இவ்வளவுதான் கணக்கு. டவுனை விட்டு உள்ளே போனால் கனபேருக்கு 4ஜி றவுட்டர்தான். அங்கே தூரத்தைவிடத் தளம்பல்தான் கொல்லும். பின்னேரம் ஏழு மணிக்கு எல்லாரும் போனைத் தூக்கினால் ஒரே ரவரில் எல்லாரும் தொங்குவோம். பிங், அதாவது சேர்வருக்குப் போய்வருகிற நேரம், 120 மில்லிசெக்கன் என்றால், நிலையாக 120 ஆக நின்றால், பழகிக்கொள்ளலாம். 60, 250, 80 என்று குதிக்கிற பிங்குக்கு ஒருவரும் பழக முடியாது.

வீஆரில் இது எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் தலையையும் கையையும் ஹெட்செற்றே கணிக்கிறது. லைன் எவ்வளவு மோசமானாலும் உங்கள் கை உங்கள் கையாகவே அசையும், தலைச்சுற்று வராது. பிந்தி வருவது எதிராளி. மூலையைத் திரும்பி அவன் வந்து உங்களைக் கண்டு சுட்டு முடித்தபிறகுதான் உங்கள் கண்ணில் அவன் மூலையைத் திரும்புவான். மகசினைக் கழற்றி, புதிதைச் செருகி, போல்டை இழுத்துத் துவக்கை ஆயத்தப்படுத்துவது எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிட்டு நிற்கிறவருக்கு, தான் காணாத ஒருவனால் விழுவது போல வெறுப்பு வேறில்லை. பொப்பியூலேஷன் வன்னில் கவசமும் உயிரும் கூட, தூரத்துச் சண்டையும் கூட. அரைச் செக்கன் தவறினாலும் ஒளித்து, வாழைப்பழம் சாப்பிட்டுத் திரும்பி வரலாம். ஒன்வேட்டிலும் பவ்லொவிலும் ஒன்றிரண்டு குண்டில் கதை முடியும். இந்த இடத்தில் பொப்பியூலேஷன் வன்தான் எங்கள் லைனுக்கு இரக்கம் காட்டுகிற கேம்.

பிறகேன் பவ்லொவ்? பவ்லொவில் சேர்வரை நாங்களே வைத்திருக்கலாம். பவ்லொவைச் செய்த வன்கிரப்ற் கேம்ஸ் தன் சேர்வர் மென்பொருளை வெளியே கொடுத்திருக்கிறது. லினக்ஸ் ஓடுகிற ஒரு சின்ன வாடகைக் கணினியில் அதை ஏற்றலாம். மும்பையிலோ சிங்கப்பூரிலோ மாத வாடகைக்கு ஒன்றை எடுத்து, கடவுச்சொல் போட்டுவிட்டு, எங்களுடைய ஆக்களை மட்டும் விடலாம். நாலைந்து பேர் காசைப் பங்கிட்டால் ஒருவருக்கும் பாரமில்லை. எந்த வரைபடம், எத்தனை சுற்று, யார் உள்ளே என்பது எங்கள் கையில். கத்துகிற பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அதோடு தீரும். வேறு ஆக்கள் திறந்துவைத்திருக்கிற சேர்வர்கள் பட்டியலில் பிங்கோடு நிற்கும். கிட்டவுள்ளதைப் பார்த்துத் தெரியலாம்.

எங்கள் அணியின் அமைப்புக்கும் இது பொருந்துகிறது. கிளிநொச்சியில் இரண்டு பேர், வவுனியாவில் ஒருவர், லண்டனில் ஒரு அண்ணா, ஸ்காபரோவில் ஒரு மச்சான். வன்னியில் கன குடும்பத்துக்கு இதுதான் அமைப்பு. கோடையில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் இங்கே அடுத்த நாள் விடிய ஐந்தரை. லண்டனில் இரவு எட்டு என்றால் இங்கே நடுச்சாமம் பன்னிரண்டரை. எல்லாருக்கும் ஒத்துவருவது எங்கள் இரவு எட்டு மணி: லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. அதனால் சனி, ஞாயிறு மட்டும். அந்த நேரம் சேர்வரை பிராங்க்பேர்ட்டில் வைத்தால் மூன்று பக்கத்துக்கும் இடைநடு. எங்களுக்கு 150க்கு மேலே போகும், மச்சானுக்கு 100 அளவில் நிற்கும், லண்டன்காரருக்குத்தான் சுகம். கிழமை நாளில் நாங்கள் இங்குள்ளவர் மட்டும் என்றால் சிங்கப்பூர். இப்படி இடம் மாற்றுவதற்கு அடுத்தவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சேர்வர் யாருடையது என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எக்கோ வீஆரை நினைவிருக்கிறவர்களுக்கு இது விளங்கும். பாரமில்லாத வெளியில் மிதந்து விளையாடுகிற அந்த கேமுக்கு 2018இல் எக்கோ கொம்பற் என்ற சண்டைப் பகுதியும் கணினிக்கு வந்தது. வீஆரில் அதைவிட நல்ல அணி விளையாட்டு வரவில்லை என்று இன்றும் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. 2023 ஓகஸ்ட் 1 அன்று மெட்டா சேர்வரை மூடியது. ஹெட்செற்றில் கேம் இருந்தது, விளையாட இடமில்லாமல் போனது. பொப்பியூலேஷன் வன்னைச் செய்த பிக்பொக்ஸ் வீஆரையும் ஒன்வேட்டின் டவுன்போரையும் மெட்டா 2021இல் வாங்கிவிட்டது. அவையும் அப்படி மூடப்படும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கிற கை எங்கே இருக்கிறது என்பது கண்முன் தெரிகிறது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் இங்கே சேர்ந்துவிடும். ஹெட்செற்றுக்குச் சொந்த பற்றறி இருக்கிறது, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும், நின்றுபோவது றவுட்டர்தான். றவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் (சின்ன பற்றறிப் பெட்டி) போட்டால் சின்ன வெட்டுகளைத் தாண்டலாம். லைனே இல்லாத நாளில் பவ்லொவில் பொட்களோடு (கேமே ஓட்டுகிற எதிராளிகளோடு) தனியாக விளையாடலாம். ஒன்வேட்டிலும் அப்படித் தனியாகப் பயிற்சி எடுக்கலாம்.

பவ்லொவின் குறைகளையும் சொல்கிறேன். ஷக் குவெஸ்டுக்கென்றே செய்த தனிப் பதிப்பு. கணினியில் பவ்லொவ் வைத்திருக்கிற தம்பியோடு சேர முடியாது. ஒன்வேட்டும் பிரீச்சர்ஸும் இந்த விஷயத்தில் மேல், இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக விளையாடலாம். அணியில் ஒருவர் கணினிக்காரர் என்றால் என் தீர்ப்பு அப்படியே புரண்டுவிடும்.

மற்றது சத்தம். பவ்லொவின் துவக்குச் சத்தம் உண்மைக்குக் கிட்ட இருக்கிறது, குவெஸ்டின் ஒலிபெருக்கி காதை மூடாத மாதிரிச் செய்தது. ஆகவே வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். வேறு ஊரில் இது தொல்லை மட்டும்தான். எங்கள் வீடுகளில் 2009 வரைக்கும் உண்மையான சத்தத்துக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆக்கள் இருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லமாட்டா, எழும்பி வெளியே போய் நிற்பா. அவ சொல்லாததாலேயே நாங்கள் கவனிக்க வேண்டும். இயர்போன் இல்லாமல் நான் பவ்லொவைத் திறப்பதில்லை. “குண்டு, குண்டு” என்று மைக்கில் கத்துவதையும் எங்கள் அணி விட்டுவிட்டது, அடையாளச் சொல் வைத்துக் கதைக்கிறோம். குவெஸ்ட் 2இலும் 3இலும் இயர்போன் துளை இருக்கிறது. 3எஸ்ஸில் இல்லை, அதற்கு யூஎஸ்பி சி இயர்போன் பார்க்க வேண்டும். இயர்போன் போட்டும் வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்குகிறது என்றால் பவ்லொவை விடுங்கள். வாழைப்பழமும் பறப்பதுமாக இருக்கிற பொப்பியூலேஷன் வன் அந்த வீட்டுக்கு நல்லது, என் சேர்வர்க் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படி ஒரு தடையும் இல்லை, சேர்ந்து விளையாட மூன்று நாலு பேர் குவெஸ்டோடு இருக்கிறார்கள் என்றால், பவ்லொவை வாங்குங்கள். வாங்கின அன்று இரவு எட்டு மணிக்கு, உங்கள் வீட்டில் றவுட்டர் வைத்திருக்கிற அதே இடத்தில் வைத்துக்கொண்டு, சேர்வர்ப் பட்டியலில் பிங் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று இரவும் அப்படியே பாருங்கள். தளம்பல் தாங்க முடியவில்லை என்றால் 14 நாளுக்குள், விளையாடின நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், மெட்டா கடையில் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே பரீட்சித்துப் பார்க்கிற நாட்களில் பட்டியலைப் பார்த்த உடனே கேமை மூடிவிடுங்கள். அந்த 2 மணித்தியாலத்தைப் பொட்களோடு விளையாடிக் கரைக்க வேண்டாம்.